ஹேண்ட்பிரேக்கின் சட்டை

எங்கள் காரில் முதலில் கிழிந்தது கியரின் பாவாடை. கியர்க் கம்பியைச் சுற்றி, மேலே குறுகலாகவும் கீழே அகலமாகவும் ஒரு கறுப்புத் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்குமே, அதற்கு நான் வைத்த பெயர் அது. அப்படியானால் ஹேண்ட்பிரேக்கை மூடியிருக்கும் தோல் அதற்குச் சட்டைதானே? பதினான்கு வருஷம் ஒரே மனுஷன் கை பட்டு இரண்டும் கறுப்பு போய்ச் சாம்பல் நிறமாகிவிட்டன. பாவாடை மடிப்புகளில் வெடித்து உள்ளே இருக்கும் கம்பி தெரிந்தது. சட்டை கிழியவில்லை. ஆனால் நாள்பட்ட சாக்ஸ் மாதிரி தளர்ந்து, பளபளவென்று வழுக்கியது.

அந்த ஒரே மனுஷன் என் வீட்டுக்காரர். இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நாஞ்சில் நாட்டுக் குடும்பம் என்றாலும் பிறந்து வளர்ந்ததெல்லாம் திருவனந்தபுரம், ஸ்ரீவராகம். நான் பாளையங்கோட்டைக்காரி. கல்யாணமாகி இங்கே வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. என் மலையாளத்தை இன்றுவரை அவர் கேலி செய்யாத வாரம் கிடையாது. நான் பேசுவது மலையாளத்துக்கு மலையாளமும் இல்லை, தமிழுக்குத் தமிழும் இல்லை, தாமிரபரணித் தண்ணீரில் வேகவைத்த கப்பைக்கிழங்கு என்பார். பேசட்டும். அந்த மலையாளத்தை வைத்துத்தான் சாலைக் கடைத்தெருவில் இருபத்தாறு வருஷமாகப் பேரம் பேசுகிறேன்.

இவருக்குக் கண்ணில் க்ளாக்கோமா. நேரே பார்த்தால் தெரியும், பக்கவாட்டில் வருவது தெரியாது. ஏழு மாசத்துக்கு முன்னால் கண் ஆஸ்பத்திரிக்கு அவர்தான் காரை ஓட்டிக்கொண்டு போனார். மருந்து விட்டு, இருட்டறையில் உட்கார வைத்து, பரிசோதனை எல்லாம் முடித்தபிறகு டாக்டர் ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார், இனிமேல் வண்டி ஓட்ட வேண்டாம் என்று. இவர் சரி என்று தலையை ஆட்டினார். வெளியே வந்து சாவியை என் கையில் கொடுத்தார். என்னிடம் லைசென்ஸ் உண்டு. எடுத்த காலத்தில் இருந்து அலமாரியில் பட்டுப்புடவைகளோடு தூங்குகிறது. எப்போதாவது தெருமுனை வரைக்கும் ஓட்டுவேன், அதற்கு மேல் விடமாட்டார்.

அன்றைக்கு நன்றாகத்தான் ஓட்டினேன். வழியில் ஒரு ஏற்றத்தில் முன்னால் பஸ் நின்றது, நானும் நிறுத்தினேன். ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து மேலே இழுத்தேன். கை வந்தது, கையோடு சட்டையும் வந்தது, உள்ளே இருந்த கம்பி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. இழுத்துவிட்ட நினைப்பில் காலை எடுத்தேன். கார் பைய பின்னால் உருண்டு, பின்னாடி நின்ற ஆட்டோவின் மூக்கில் போய் முட்டியது.

ஆட்டோக்காரர் இறங்கி வந்து, "சேச்சீ, ஹேண்ட்பிரேக் வலிக்கான் அறிஞ்ஞூடே?" என்று கேட்டார். பிரேக்கை இழுக்கத் தெரியாதா என்று! நான் கையில் இருந்த தோலை அவர் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினேன். அவருக்கு அது என்னவென்றே புரியவில்லை. என் வீட்டுக்காரருக்கு மருந்து விட்ட கண், எதுவும் தெரியாது. அவர் கதவைத் திறந்து இறங்கினார்.

"உனக்கு ஏத்தத்துல நிறுத்தத் தெரியாதுட்டி. ஓட்டிக் கிழிச்சது போதும்."

"கவர் கையோட வந்துட்டுங்க. இந்தா பாருங்க."

"கவர் என்ன செய்யும்? சவம், இந்த வண்டியே வேண்டாம். வித்துரலாம்."

சொல்லிவிட்டு, நான் முட்டிய அதே ஆட்டோவில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார். நடுரோட்டில் நான், கார், கையில் ஒரு தோல். வந்த ஆத்திரத்தில் மீதித் தூரத்தை ஒரு குலுக்கல் இல்லாமல் ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன். எனக்குக் கோபம் வந்துவிட்டால் ஏற்றம் இறக்கம் எல்லாம் ஒன்றுதான்.

அதன் பிறகு ஏழு மாசம் அவர் காரில் ஏறவில்லை. பஸ் வேண்டாம், நெரிசல். ஆட்டோ வேண்டாம், இடுப்பு வலி. காலையில் கோயிலுக்கு நடந்து போய்விட்டு வருவார். அதற்கு மேல் அவருக்கு உலகம் இல்லை என்றாகிவிட்டது. மீதி நேரமெல்லாம் வாசல் சிட்அவுட்டில் பிளாஸ்டிக் நாற்காலி. நாகர்கோவிலில் அவருக்கு ஒரு அக்கா உண்டு, எனக்கு மைனி. முட்டுவலியில் படி இறங்க முடியாதவர். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை இவர் காரை எடுத்துக்கொண்டு போய், மத்தியானம் அங்கே சாப்பிட்டு, அக்காவும் தம்பியுமாக ஊர்வம்பு பேசிவிட்டுச் சாயங்காலம் திரும்புவதுதான் வழக்கம். இப்போது சனிக்கிழமை தவறாமல் போன் வரும். "ஏன்டே, இந்தத் தடவையும் வரல்லியா?" என்று மைனி கேட்பது எனக்கு அடுக்களை வரை கேட்கும்.

"வண்டி சரியில்லக்கா," என்பார் இவர்.

வண்டி சரியில்லையாம்! வண்டிக்கு என்ன கேடு? வாரத்துக்கு இரண்டு தடவை நான் அதைக் கிளப்பித் தெருவைச் சுற்றிக்கொண்டு வருகிறேன், பேட்டரி செத்துப்போகக் கூடாது என்று. நான் ஓட்டுகிறேன், பக்கத்தில் உட்காருங்கள் என்று எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன். "ஏத்தத்துல நிறுத்தத் தெரியாதவகூட எவன் போவான்," என்று ஒரே பதில். மனுஷர் நாளுக்கு நாள் வற்றிக்கொண்டு வந்தார். சாப்பாடு குறைந்தது. பேச்சு குறைந்தது. என் மலையாளத்தைக் கேலி செய்வதுகூட நின்றுபோனது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

கடைசியில் ஒரு நாள், வண்டியை விற்க ஆள் பார்க்கப்போவதாகச் சொன்னார். விற்றால் முடிந்தது கதை. அதற்குப் பிறகு இவரை நாற்காலியில் இருந்து கிளப்ப யாராலும் முடியாது. அதனால், "விக்கதா இருந்தாலும் கிழிஞ்ச கவரோட எவன் வாங்குவான்? அத மொதல்ல மாத்தணும்," என்று ஒரு போடு போட்டேன். அவர் என்னமோ செய் என்பது போலக் கையை வீசினார். அது போதும் எனக்கு.

கிழக்கேகோட்டைப் பக்கம் சீட் கவர் தைக்கிற ஒருவரின் நம்பரைத் தேடிப் பிடித்தேன். ஒரு சனிக்கிழமை காலை உளுந்து களைந்துகொண்டிருந்தபோது அவரே கூப்பிட்டார். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசினேன். எந்த மாடல், எந்த வருஷம் என்றெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"பழய மோடலல்லே சேச்சி, ரெடிமேட் கிட்டூல்ல. பழய கவர் ரெண்டும் ஊரி வெச்சேக்கணே. நாளெ ஞான் வராம்."

ரெடிமேட் கிடைக்காது, புரிந்தது. நாளைக்கு வருகிறார், புரிந்தது. பழைய கவர் இரண்டையும் ஊற வைக்க வேண்டும், அதுவும் புரிந்தது. கையில் உளுந்து இருக்கிறவளுக்கு வேறு என்ன புரியும்? நியாயமாகவும் பட்டது. பதினான்கு வருஷ வியர்வை, அழுக்கு, விறைத்துப்போன தோல். ஊறினால்தானே இளகும், இளகினால்தானே பிரித்து அளவெடுக்க முடியும்?

உளுந்தை ஒரு பாத்திரத்தில் ஊறப்போட்டுவிட்டு காருக்குப் போனேன். கியரின் குமிழைத் திருகி எடுத்து, சட்டத்தைக் கரண்டிக் காம்பால் நெம்பினேன். இரண்டு நகம் போனது, பாவாடை வந்தது. சட்டைக்கு ஒரு பாடும் இல்லை. ஒரே இழுப்பில் உருவிக்கொண்டு வந்தது. ஏற்கெனவே ஒரு தடவை என் கையோடு வந்ததுதானே. இரண்டையும் வாளியில் போட்டு, சுடுதண்ணீர் விட்டு, ஷாம்பு இரண்டு பாக்கெட் ஊற்றி, மேலே மிதக்காமல் இருக்க அம்மிக்குழவியையும் தூக்கி வைத்தேன். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை.

மத்தியானம் கால் கழுவக் கொல்லைப்பக்கம் வந்தவர் வாளியைக் குனிந்து பார்த்தார். தண்ணீர் கரியாக இருந்தது.

"என்னட்டி இது? எள்ளா?"

"காரோட கவரு. கடக்காரர் ஊற வைக்கச் சொன்னாரு."

"ஊற வைக்கவா? அவன் என்ன சொன்னான், அப்படியே சொல்லு பாப்போம்."

"ஊரி வெச்சேக்கணேன்னாரு."

என்னைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "கூறு கெட்டவளே! ஊரணும்னா கழத்தணும்னுல்லா அர்த்தம்! கழத்தி வைக்கச் சொன்னா, குளிப்பாட்டி வச்சிருக்கியே!"

எனக்குத் தெரியாத வார்த்தையா அது? செருப்பை ஊரிவிட்டு வா, மோதிரத்தை ஊரு என்று இருபத்தாறு வருஷமாக நாலு பக்கமும் கேட்கிற வார்த்தை. நானே சொல்லியிருக்கிறேன். உளுந்து செய்த வேலை. மானம் போயிற்று. ஆனால் அவர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார், "ஷாம்பு வேறயா? கண்டிஷனர் போடலியா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். ஏழு மாசமாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு. இதற்காக இன்னும் நாலு தோலை ஊறப்போடலாம் என்று தோன்றியது. வெளியே சொல்லவில்லை, சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துவிடுவார்.

அவசரத்தில் அடுத்த தப்பையும் செய்தேன். இரண்டையும் பிழிந்து நல்ல வெயிலில் கொடியில் மாட்டினேன். மறுநாள் காலை கடைக்காரர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஐம்பது வயசிருக்கும், காதில் பென்சில். நான் நீட்டியதை வாங்கி பானெட்டின் மேல் வைத்து விரலால் சுண்டினார். டொக் என்றது.

"ஐயோ சேச்சி, இது பப்படமாயல்லோ! இனி அளவினு எந்து செய்யும்?"

அப்பளமாகிவிட்டதாம், இனி அளவுக்கு எங்கே போவதாம். பழையதைப் பிரித்து, ரெக்ஸின் மேல் விரித்து, சுற்றிலும் கோடு போட்டு வெட்டித் தைப்பதுதான் அவருடைய முறையாம். அந்த அளவுதான் சுருங்கி, விறைத்து, பாதியாகிக் கிடந்தது. அவர் தலையைச் சொறிந்தார். பிறகு காருக்குள் தலையை விட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, டேப்பால் அளக்கத் தொடங்கினார்.

"ரிவேர்ஸிலிட்டு அளக்கணம்!"

சிட்அவுட்டில் இருந்து வந்த சத்தம். நானும் திரும்பினேன், கடைக்காரரும் திரும்பினார். இவர் நாற்காலியை விட்டு எழுந்து, படியைக் காலால் தடவித் தடவி இறங்கி வந்துகொண்டிருந்தார். நியூட்ரலில் அளந்தால் ரிவர்ஸ் போடும்போது தோல் இழுத்துக்கொள்ளும், கடைசி மூலைக்குத் தள்ளி வைத்துதான் அளக்க வேண்டும் என்று மலையாளத்தில் பொரிந்தார். கடைக்காரரை விலகச் சொல்லிவிட்டு, ஏழு மாசத்துக்குப் பிறகு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

கண்ணை மூடிக்கொண்டு கியரை ஒவ்வொன்றாகப் போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. இந்த மூலையில் இவ்வளவு தொய்வு வேண்டும், அந்த மூலையில் ஒரு மடிப்பு கூட வேண்டும் என்று விரலால் காட்டக் காட்ட, கடைக்காரர் ஒரு பழைய செய்தித்தாளில் கோடு போட்டு வெட்டினார். தோலில் இருந்து போன அளவு கையில் இருந்து திரும்பி வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் இந்த சீட்டை விட்டு மனுஷன் இனி இறங்குவாரா?

பாவாடை முடிந்து சட்டைக்கு வந்தார்கள். "சாரின்றெ கையின்றெ அளவெடுக்கட்டே? உள்ளில் ஸ்பாஞ்ச் வெக்காம்," என்றார் கடைக்காரர். உள்ளே ஸ்பாஞ்ச் வைத்து, சாரின் கைப்பிடிக்குத் தகுந்த மாதிரி கனமாகத் தைக்கலாம் என்றார்.

இவர் ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுத்தார். பிறகு, "எனிக்கு வேண்டா. ஓடிக்குந்நது இவளா," என்றார்.

ஓட்டுவது இவள்தான். அப்படித்தான் சொன்னார், அட்சரம் பிசகாமல். இறங்கி, என்னைப் பார்த்து, "ஏறுட்டி," என்றார். ஏறினேன். கடைக்காரர் என் கையைக் கம்பியில் வைக்கச் சொல்லி, ஒரு காகிதத் துண்டைச் சுற்றி என் பிடியை அளந்தார். சிவப்பு நூலா கறுப்பு நூலா என்று கேட்டார். சிவப்பு என்றேன். இவர் கதவருகே நின்று இன்னும் கட்டளை போட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லா பசையிட்டு ஒட்டிக்கணம் கேட்டோ. தாழெ ரெண்டு தையலும் இடணம். ரெண்டு கொல்லமாயிட்டு இது கையில் ஊரி வரும். ஞான் அடியில் பிடிச்சா வலிக்குந்நது."

இந்தத் தடவை எனக்கு உளுந்து இல்லை, போன் இல்லை. ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகப் புரிந்தது. இரண்டு வருஷமாக அது கையோடு கழன்று வரும். நான் அடியில் பிடித்துத்தான் இழுப்பேன்.

கடைக்காரர் போகிற வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது எவ்வளவு பெரிய பாடு என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஸ்கூட்டர் தெருமுனை திரும்பியதும் கேட்டேன்.

"ஊரி வரும்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. காரின் கூரையில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"தெரியும்."

"அன்னைக்கு ஏத்தத்துல, கவர் கையோட வந்துட்டுன்னு நான் கரடியாக் கத்துனேனே, அப்பவும் தெரியுமா?"

"தெரியும்ட்டி."

"பொறவு ஏழு மாசமா, ஏத்தத்துல நிறுத்தத் தெரியாதவ, நிறுத்தத் தெரியாதவன்னு..."

"அன்னைக்கு நீ நல்லா ஓட்டிட்டு வந்தேல்லா," என்றார். "எனக்கு அது பொறுக்கல்ல. டாக்டர் சொல்லி ஒரு மணிக்கூறு ஆகல்ல, அதுக்குள்ள நான் இல்லாம வண்டி நல்லா ஓடுது. பின்னால போயி முட்டுச்சு பாரு, அப்பம் எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துது. சொன்னா நீ அடிப்ப."

அடித்திருப்பேன். கண்ணுக்கு முன்னால் ஏழு மாசமும் ஓடின. ஏற்றத்தைக் கண்டாலே நான் வேறு தெருவில் திரும்பியது, எனக்கு நானே கூறுகெட்டவள் என்று பட்டம் கட்டிக்கொண்டது, அங்கே மைனி தம்பி வருவான் என்று சனிக்கிழமை சனிக்கிழமை சோறு வடித்து வைத்தது. எல்லாம் இந்த மனுஷன் ஒரு வார்த்தையை வாய்க்குள் வைத்துக்கொண்டதால். எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவருக்கு வசதியாகிவிடும் என்று உள்ளே போய்விட்டேன். அன்றைக்குத் தோசை சுடவில்லை. மாவு இருந்தது, மனசு இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதிய கவர்களை மாட்டிவிட்டுப் போனார் கடைக்காரர். சிவப்பு நூல் தையல் எடுப்பாக இருந்தது. ரிவர்ஸ் போட்டுப் பார்த்தேன், பாவாடை ஒரு இழுப்பு இழுக்கவில்லை. சட்டையைத் திருகிப் பார்த்தேன், அசையவில்லை. அந்த வாரம் முழுக்க நான் மட்டும் காரை எடுத்துக்கொண்டு போனேன். அந்த ஏற்றத்துக்கு வேண்டுமென்றே இரண்டு தடவை போனேன். நடுவில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, காலை எடுத்து, பின்னால் ஹாரன் அடிப்பதையெல்லாம் பொருட்படுத்தாமல் பத்து வரை எண்ணினேன். கார் ஒரு விரற்கடை நகரவில்லை. வீட்டில் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. வண்டியை விற்கிற பேச்சை அவரும் எடுக்கவில்லை. கூட வாருங்கள் என்று இனி கெஞ்சப் போவதில்லை என்று நான் தீர்மானமாக இருந்தேன்.

சனிக்கிழமை காலை மார்க்கெட்டுக்குப் போகச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தேன். தேய்த்த சட்டை, தேய்த்த வேட்டியில் அவர் காரின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். இடது பக்கத்துக் கதவருகே.

"எங்க?" என்றேன்.

"அக்கா சோறு வடிச்சிருப்பா."

"வண்டி சரியில்லன்னுல்லா சொல்லியிருக்கு?"

"வண்டிக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டேன். எனக்குத்தான் சரியில்லன்னு சொன்னேன்." கதவில் கையை வைத்தபடி, "எல்லாத்தையும் சொல்லிட்டேன். நல்லா ஏசிட்டா," என்றார்.

பூட்டைத் திறந்தேன். ஏறி உட்கார்ந்தார். நானும் ஏறிக் கண்ணாடியைச் சரி செய்தேன். அவர் கை ஹேண்ட்பிரேக்கைத் தேடி வந்து, புதிய தோலை ஒரு தடவை அழுத்திப் பார்த்தது.

"இனிமே ஊராதுட்டி," என்றார்.

நான் என் சீட் பெல்ட்டை மாட்டினேன். மன்னித்துவிட்டேன் என்று அர்த்தம் இல்லை. சாவியைத் திருகப் போனவள் திரும்பிப் பார்த்தேன். அவர் வலது தோளுக்கு மேலே கையை விட்டுக் காற்றில் துழாவிக்கொண்டிருந்தார். சீட் பெல்ட்டைத் தேடுகிறார். பதினான்கு வருஷமும் அவருக்கு பெல்ட் அந்தப் பக்கம்தான் இருந்தது.

"அங்க இல்ல," என்றேன். "இந்தப் பக்கம்."

அவர் கையைப் பிடித்து இடது தோளுக்குக் கொண்டுபோய் வைத்தேன்.